ஏழாம் நாள் வந்த ஆனந்தம் எங்கே போனது?

கேள்வி:

எனக்கு வயது 59. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் செட்டியார், என் வீட்டுக்காரர், தவறி மூன்று வருஷம் ஆகிறது. மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் உதவிக்கு வரும் ஒரு அம்மாவும்தான். அவர் போனபோது நான் அழவில்லை. ஆத்மாவுக்கு அழிவில்லை என்று படித்தவள் அழலாமா? போன வருஷம் ஏழு நாள் தியான முகாம் ஒன்றுக்குப் போனேன். ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் ஒரு மணி நேரம் அழுதேன். கர்மா கரைகிறது என்றார்கள். ஏழாம் நாள் சொல்லில் அடங்காத ஆனந்தம். மூன்று வாரம் இருந்தது, அப்புறம் போய்விட்டது. இப்போது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காருகிறேன். மூச்சை அடக்கியும் பழகுகிறேன். வரவில்லை. 'அகங்காரம் தடுக்கிறது' என்கிறார் சொல்லிக்கொடுத்தவர். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு கிலோ இளைத்திருக்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அதோடு சரி. ஓலையில் கொட்டான் (சின்னக் கூடை) முடையும்போது மட்டும் பொழுது போவது தெரியவில்லை, ஆனால் அது தியானம் ஆகாதே. வீட்டுப் பங்கு வழக்கில் பங்காளிகளோடு பேச்சு இல்லை. இந்தப் பிள்ளையார் நோன்புக்கு, மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழையை நானே எடுத்துக்கொண்டேன். நிலைத்த ஆனந்தம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் எனக்கு ஏன் தங்கவில்லை?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம்.

முதலில் மூச்சு விஷயம். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. உங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு திருமந்திரத்தில் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும்: 16 மாத்திரை உள்ளிழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளியே விடுவது. (இந்த மாத்திரை கால அளவு, நீங்கள் காலையில் விழுங்குவது வேறு மாத்திரை.) அது குரு பக்கத்தில் இருந்து, ஆளைப் பார்த்து, படிப்படியாக ஏற்றிக்கொடுக்க வேண்டிய பயிற்சி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நீண்ட நேரம் நிறுத்தவே கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் 59 வயதுக்காரர், தனி வீட்டில், கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்வதை நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். சாதாரணமாக இழுத்து, இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டால் போதும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தானே தணியும்.

இரண்டாவது, அந்த மூன்று மணி முழிப்பும் ஆறு கிலோவும். மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கடைசியில், கதவருகே நின்றுகொண்டுதான் சொல்வார்கள். நீங்களாவது கடிதத்தின் நடுவில் சொன்னீர்கள். விடிகாலை முழிப்பு, காரணம் தெரியாத இளைப்பு, எதிலும் ருசி இல்லாமை எல்லாம் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் மனச்சோர்வை நினைப்போம். சர்க்கரையும் தைராய்டும்கூட இப்படிக் காட்டும். அதனால் இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் அளவு, பி12 பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தூக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால் சாப்பிடுங்கள். சாப்பிடுவதால் உங்கள் தியானத்துக்கு ஒரு குறையும் வராது. ராத்திரியில் பாரம் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இது இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. இனி வருவதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முகாமுக்கு வருவோம். ஏழாம் நாள் வந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏழு நாளும் எப்படி இருந்தன? சமையலுக்கு யோசிக்க வேண்டியதில்லை. போன் கிடையாது. ஒன்பது மணிக்குப் படுக்கை. நாலா பக்கமும் மனுசர்கள். மூன்று வருஷமாக ஒற்றை ஆளாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் சோற்றுக்கே பாதி ஆனந்தம் வந்திருக்கும். அங்கிருந்து திரும்பி, ஊர்ச் சனம் முழுக்க உட்காரக்கூடிய முகப்பைத் தாண்டி, இரண்டாங்கட்டில் ஒரு விளக்கு மட்டும் எரிகிற வீட்டுக்குள் நுழைந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? மூன்று வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

நானும் ஒரு தடவை பத்து நாள் மௌனத்துக்குப் போய் வந்தவள். பதினோராம் நாள் காலை காரைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்கு நான் போட்ட சண்டையை இன்றைக்கும் என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். அகங்காரம் தடுத்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபமாக இருக்கிறது. பயிற்சியில் ஆனந்தம் வந்தால் பயிற்சியின் பெருமை, வராவிட்டால் ஆச்சியின் அகங்காரம். நல்ல கணக்குதான்!

சரி, ஐந்தாம் நாளை எடுங்கள். நீங்கள் கடிதம் முழுக்கத் தேடுவது ஏழாம் நாளை, ஐந்தாம் நாளைப் பற்றி ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம். காரணமே இல்லாமல் அழுதேன் என்கிறீர்கள். அதற்கு நான்கு வரி மேலே, செட்டியார் போனபோது அழவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி, முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்த கை. அவர் போன பிறகும் ஒரு துளி கண்ணீர் விடாமல், பதினாறு முடித்து, பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு, வந்த கடிதங்களை எடுத்துவைத்து, பெட்டகத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அந்த அழுகை எங்கே போயிருக்கும்? எங்கும் போகவில்லை. பத்திரமான ஓர் இடமும், நாலு பேரின் துணையும், ஐந்து நாள் ஓய்வும் கிடைத்ததும் வெளியே வந்தது. இரண்டு நாள் கழித்து நெஞ்சு லேசானது. நான் அந்த ஏழாம் நாளை இப்படித்தான் படிக்கிறேன். அழுது முடித்தவர்களுக்கு வரும் லேசை அதற்கு முன்னும் எத்தனையோ பேரிடம் இதே அறையில் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு வருஷமாகத் துரத்துவது ஏழாம் நாளை. ஐந்தாம் நாள் இல்லாமல் அது வராது.

ஆத்மாவுக்கு அழிவில்லை என்று தெரிந்தவள் அழலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் நகரத்தார் சமூகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பட்டினத்தாரைக் கேளுங்கள். காதற்ற ஊசியும் கூட வராது என்று சொத்து அத்தனையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு போனவர். பெற்றவள் இறந்த செய்தி கேட்டு வந்து, சிதை முன் நின்று, என்னைச் சுமந்தாளே, பாலூட்டினாளே, இவளுக்கா நான் தீ மூட்டுவேன் என்று பாடி அழுதாரே! அவருக்கு ஆத்மாவைப் பற்றித் தெரியாதா? துறவிக்கே அழுகை உண்டு என்றால், குடும்பம் நடத்திய உங்களுக்கு ஏன் தடை? வேதாந்தம் அழுகையை அடைக்கும் மூடி ஆகிவிட்டால், அடைபட்டது ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குத் தட்டி எழுப்பும்.

நிலைத்த ஆனந்தம் உண்டா என்பது உங்கள் நேர்க் கேள்வி. நான் ஆன்மிக ஆசிரியை இல்லை, மனநல ஆலோசகர். ஆனால் 22 வருஷமாக இந்த மண்ணில் இருப்பதால், தமிழிலேயே வேதாந்தம் பாடம் சொல்லிவந்த கோவிலூர் மடத்துப் பெரியவர்கள் பேச்சு காதில் விழாமல் இருக்காது. அவர்கள் அடிக்கடி எடுக்கும் உதாரணம் தூக்கம். நன்றாகத் தூங்கி எழுந்தவன் 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்கிறான். தூங்கும்போது காசும் இல்லை, உறவும் இல்லை, நினைப்பும் இல்லை. அப்படியென்றால் அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை, உள்ளதே அது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வந்தது, மூன்று வாரம் இருந்தது, போனது என்று நீங்கள் சொல்வதை அவர்கள் ஆனந்தம் என்றே கணக்கில் வைக்க மாட்டார்கள். வந்து போவது எல்லாம் அவர்களுக்கு அனுபவம். சைவத்திலும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். நிட்டை, அதாவது தெளிந்ததிலேயே ஒன்றி நிற்பது, நாலாவது. ஏழு நாள் முகாம் ஆளைத் தூக்கி நேரே நாலாவது படியில் உட்காரவைக்கப் பார்க்கிறது. எங்கள் தொழிலில் இன்னும் கீழே இறங்கித்தான் பேசுவோம். சந்தோஷம் நிலைக்காது. எதையும் பழகிப்போவது மனசின் குணம். ஆனால் வருத்தம் வந்தால் அதில் மூழ்காமல் திரும்பி வரும் பழக்கம் நிலைக்கும். அதைப் பயிற்சியால் வளர்க்கலாம்.

தூக்கம் என்றதும் இன்னொன்று. தூக்கம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே படுத்தால் தூக்கம் வருமா? நீங்கள் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்ததும் 'வந்ததா' என்று பார்க்கிறீர்கள். 2011-ல் ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சந்தோஷம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் கட்டுரையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு, நல்ல மகிழ்ச்சியான படத்துண்டு ஒன்றைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்குத்தான் படம் குறைவான மகிழ்ச்சியைத் தந்தது. சந்தோஷமாக இருக்க எல்லாக் காரணமும் இருந்தும் இவ்வளவுதானா என்ற ஏமாற்றம் உள்ளே புகுந்துவிடுகிறது. முகாம் முடிந்த நான்காம் வாரத்திலிருந்து உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

தியானம் வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2014-ல் 47 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,500 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. பதற்றம், சோர்வு, வலி மூன்றிலும் தியானம் மிதமான அளவுக்கு உதவுகிறது என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதே அலசல் சொன்னது. மிதமான உதவி என்றால் எனக்கு மரியாதையான சொல். ஆயுளுக்கும் ஆனந்தம் என்று விளம்பரம் செய்வதைவிட மரியாதையானது.

ஆகவே இரண்டு மணி நேரத்தை 20 நிமிஷமாகக் குறையுங்கள். அதுவும் காலையில் மட்டும். சாமி வீட்டு இருட்டில் உட்கார வேண்டாம். வளவில் (முற்றத்தைச் சுற்றிய கட்டில்), பட்டாலைத் திண்ணையில், முற்றத்து வெளிச்சம் காலில் படுகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். சம்மணம் கட்டாயமில்லை. கண்ணை முழுக்க மூட வேண்டாம், பாதி திறந்து எதிர்த் தூணின் அடியைப் பாருங்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நாலாவது எண்ணிலேயே மனசு கோர்ட்டு வழக்கறிஞர் வீட்டுக்கோ, அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ போய்விடும். போகட்டும். போனது தெரிந்ததும் 'நினைப்பு' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஒன்றுக்குத் திரும்புங்கள். 2010-ல் 2,250 பேரிடம் போன் வழியாக, பகலில் திடீர் திடீரென்று 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே' என்று கேட்டுப் பார்த்த ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 விழுக்காடு மனசு வேறெங்கோ இருந்தது. அலையும்போது சந்தோஷமும் குறைவாக இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். 20 நிமிஷத்தில் நாற்பது தடவை ஓடி நாற்பது தடவை திரும்பினால், நாற்பது தடவை பயிற்சி செய்ததாகக் கணக்கு. ஓடாமலே இருந்த அந்த ஒரு நாளை எண்ணிப் பெருமைப்பட வேண்டாம்.

அழுகை வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு அழுங்கள். செட்டியாரைப் பார்த்து மனசுக்குள் பேசத் தோன்றினால் பேசுங்கள், திட்டத் தோன்றினால் திட்டுங்கள். போனவர்கள் மேல் கோபம் வருவது நிரம்பச் சாதாரணம், நம் பெண்கள் அதைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். அழுகை தொடர்ந்து பெரிதாகிப் பதற்றமாக மாறினால், அன்றைக்கு உட்காருவதை விட்டுவிட்டுத் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். சிலருக்குக் கண்மூடி உட்காருவதே பயத்தைக் கிளப்பும், அப்போது வற்புறுத்தக் கூடாது.

பிறகு கொட்டான். அது தியானம் ஆகாதே என்று நீங்கள் தள்ளிவிட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் ஒரு வீட்டில் ஓர் ஆச்சி முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாயம் ஏற்றிய ஓலையை ஈரத்துணியில் சுருட்டி மடியில் வைத்திருந்தார். ஒரு ஓலை மேலே, ஒரு ஓலை கீழே. மூலை திரும்பும் இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து. கொஞ்சம் கவனம் பிசகினால் சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை வந்துவிடும். பிசகியதும் அவர் முகம் சுளிக்கவில்லை, மூன்று ஓலையைப் பிரித்து மறுபடி போட்டார். நான் உங்களுக்கு மேலே நாற்பது வரியில் சொன்னதை அந்த விரல்கள் செய்துகொண்டிருந்தன. மாலை ஒரு மணி நேரத்தைக் கொட்டானுக்குக் கொடுங்கள். எத்தனை முடைந்தோம் என்று எண்ண வேண்டாம், அதை விற்கவும் வேண்டாம். முடிந்தால் அந்த உதவிக்கு வரும் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து, இரண்டு பேராக உட்காருங்கள்.

கடைசியாக நோன்பு. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்து, புள்ளிகள் (நகரத்தார் குடும்பங்கள்) எல்லாம் கூடியிருக்க, 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, மூத்தவர் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. சுடாதா என்று பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணைக் கேட்டேன். "ஐயா கொடுத்தா சுடாது" என்றாள். நீங்கள் இந்த வருஷம் அந்த நெருப்பைத் தனி ஆளாக, உங்கள் கையாலேயே எடுத்து வாயில் போட்டிருக்கிறீர்கள். இதைப் பத்தோடு பதினொன்றாக எழுதிவிட்டு ஆனந்தம் ஏன் தங்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

பங்காளிகளோடு சமாதானம் ஆகிவிடுங்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன். வீட்டுப் பங்கு விஷயத்தில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. வழக்கு வழக்காக நடக்கட்டும், வழக்கறிஞரை விட்டுவிட வேண்டாம். மனசில் கருணை வளர்க்கிறேன் என்று எடுத்த எடுப்பில் கொழுந்தனார் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி ஆசி வழங்கவும் வேண்டாம், அது நடிப்பாகப் போகும், அன்றைக்கு ராத்திரி தூக்கமும் போகும். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். ஆனால் அந்தப் பங்காளி வீடுகளில் வழக்கில் சம்பந்தப்படாத ஒரு கிழவி இருப்பார், எல்லா வளவிலும் ஒருவர் உண்டு. உங்களை 'வாத்தா' (வா ஆத்தா) என்று பாசமாகக் கூப்பிட்ட யாரோ. அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால், 'அதை விடுங்க' என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடியுங்கள். அப்படி யாருமே இல்லை என்றால், அடுத்த நோன்புக்குப் பொதுவில் இழை எடுக்கும் இடம் ஒன்றுக்குப் போங்கள். பல ஊர்களில் நகரத்தார் சங்கத்தார் நடத்துகிறார்கள். உங்கள் மகளையும் சிங்கப்பூரில் அப்படி ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள். மூத்தவர் ஒருவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். ஆனந்தம் வந்ததா என்று எழுத வேண்டாம். எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, மருத்துவர் என்ன சொன்னார், யார் வீட்டில் காப்பி குடித்தீர்கள், இதை எழுதுங்கள். மூச்சை நிறுத்துவதை விட்டுவிட்டீர்களா என்பதற்கு மட்டும் ஒரு மாதம் எடுக்க வேண்டாம், நாளைக்கே ஒரு கார்டு போடுங்கள்.